மெட்டு மாறும்போது முள்கரண்டியைத் தூக்கவும்

கில்டாரா மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். அன்று மதியம் சந்தைச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் டெலியா ஹான்ரஹானின் உதட்டைத்தான் பார்ப்பார்கள். உதடு இறுகியிருந்தால் அவளுடைய தம்பியின் இசை ஓடப்போகிறது என்று அர்த்தம். தளர்ந்திருந்தால் இசைத்தட்டுப் பெட்டி பழுது, நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அந்தப் பெட்டி, பெரிய தேநீர்ப் பாத்திரத்துக்கு மேலே ஒரு பலகையில் இருந்தது. ஆவி பட்டு வீணாகிவிடக் கூடாதென்று ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டி அதற்கு ஒரு சட்டை போட்டிருந்தாள் டெலியா. பொத்தான்கள் இருக்கும் இடத்தில் மட்டும் சதுரமாக ஒரு ஜன்னல். எதையும் அப்படித்தான் செய்வாள். உருளைக்கிழங்கை ஒரே அளவில் பொறுக்கி எடுத்துத்தான் வேகவைப்பாள். அடுக்கில் கோப்பைகளின் காதெல்லாம் கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒன்று மாறியிருந்தால் அவளுக்கு உதவியாக இருக்கும் ஜாசின்டாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தானே திருப்பி வைப்பாள்.

டெலியாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பதினான்கு வயதில் தாய் போனதும் பள்ளிக்கூடம் நின்றது. அப்போது தம்பி ஃபின்டனுக்கு ஆறு. அப்பாவுக்கு மாடுகளோடு நேரம் சரியாக இருந்தது. தம்பியைக் குளிப்பாட்டியது, தலை சீவியது, பக்கத்து ஊர் ஆசிரியரிடம் புல்லாங்குழல் கற்றுக்கொள்ள சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனது எல்லாம் டெலியாதான். அதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம். ஊருக்குப் புதிதாக வரும் மாட்டு வைத்தியரானாலும் சரி, உரம் விற்க வரும் ஆளானாலும் சரி, தேநீர் வருவதற்கு முன்னால் அந்த வாக்கியம் வந்துவிடும்: "என் தம்பி கோணல் கேட்டுல புல்லாங்குழல் வாசிக்கிறான்."

கோணல் கேட் என்பது இசைக்குழுவின் பெயர். ஹான்ரஹான் வீட்டு முன்கேட் என்றைக்குமே நேராக மூடியதில்லை. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் இழுத்துக் கட்டித்தான் வைப்பார்கள். குழுவுக்குப் பெயர் கேட்டபோது ஃபின்டன் அதைத்தான் சொன்னான். புல்லாங்குழல், பிடில், கையில் வைத்து விரித்து மூடும் கன்செர்ட்டினாப் பெட்டி, ஆட்டுத்தோல் கொட்டு. நான்கே பேர். கிளாஸ்கோ, பிரிட்டனி, டோக்கியோ என்று அவர்கள் போகாத ஊரில்லை. ஒவ்வொரு ஊரிலும் கூட்டம். கில்டாராவில் மட்டும் வாசிப்பதில்லை.

அதற்குக் காரணம் டெலியாவுக்குத் தெரியும். ஏழெட்டு வருடத்துக்கு முன் கீனன் மதுக்கடையின் மூலையில் ஒருநாள் வாசித்தார்கள். தொலைக்காட்சியில் மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் ஆட்டம். சத்தத்தைக் குறைத்தார்களே தவிர அணைக்கவில்லை. வாசிப்பு நெடுக கடாரிக் கன்றுகளின் விலை பற்றிய பேச்சு. நடுவில் ஒருவன் வந்து ஃபின்டனின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, லாரி ஓட்டுகிறவன் வீட்டை நினைத்து அழுகிற கன்ட்ரி பாட்டு ஒன்று தெரியுமா என்று கேட்டான். ஃபின்டன் அந்த மெட்டை முடித்தான். புல்லாங்குழலை மூன்றாகக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு வருவான், வாத்துக் கறி சாப்பிடுவான், கேட்டைக் கட்டிக் கொடுப்பான். குழல் பெட்டி மட்டும் காரிலேயே இருக்கும்.

கேட்ட அந்த ஆள் மாலக்கி டூஹி. டெலியாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது நாற்பது கறவை மாடு வைத்திருக்கிறான், ஊர் மன்றத்துக்குத் தலைவன். சனிக்கிழமை ஆட்டங்களில் கன்ட்ரி பாட்டுக்கு ஜைவ் ஆடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பெண்ணின் கையைப் பிடித்து, விட்டு, சுழற்றி, மறுபடி பிடிப்பான். இடுப்பு மாற்று அறுவை ஆன பிறகும் நிறுத்தவில்லை. கீனன் கடையில் தான் கேட்டது அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. டெலியாவுக்கு மறக்கவில்லை. அவன் தட்டில் மட்டும் கொழுப்பு அதிகமான இறைச்சித் துண்டாகப் பார்த்து வைப்பாள். அதைத் தனக்குக் காட்டும் சலுகை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்ததும் டெலியா தம்பிக்கு போன் செய்தாள்.

"நம்ம ஊர் மன்றத்துல ஒரு தடவை வாசியேன் ஃபின்டன்."

"வேண்டாம் டெலியா. அன்னிக்கு பாத்தியே."

"அது மதுக்கடை. இது மன்றம். டிவி கிடையாது."

"பேசிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு நடுவுல என்னால முடியாது. காது குடுத்துக் கேக்கறதா இருந்தா வரேன். ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா, அதுக்கப்புறம் நீ என்னைக் கேக்கவே கூடாது."

"கேக்க மாட்டேன். நீ வா."

போனை வைத்த பிறகுதான் தான் ஒத்துக்கொண்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது. மே மாதம், புல்வெட்டுக்கு முந்தின ஞாயிறு. கில்டாராக்காரர்கள் மதியம் முழுக்க வாய் மூடி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தம்பியின் குழல் இந்த ஊரில் இனி எப்போதும் பெட்டியை விட்டு வெளியே வராது.

மன்றத்தைக் கேட்க மாலக்கியிடம்தான் போகவேண்டியிருந்தது.

"எடுத்துக்கோ அம்மணி" என்றான் அவன். "ஆனா சாயங்காலக் கறவைக்கு முன்னாடி முடிஞ்சிரணும். மாடு காத்துக்கிட்டு நிக்காது."

"நீ வருவியா?"

"அந்த முடியாத பாட்டா?"

டெலியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஊரை இசை கேட்க வைக்க அவள் முயல்வது இது முதல் தடவை அல்ல. ஃபாதர் லோர்கனின் காரில் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். நன்றாக இருந்தது, ஆனால் கேட்கக் கேட்கக் கால் தானாக அழுத்துகிறது, என்னிஸ் சாலையில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார் என்றார். முடி வெட்டும் கடையில் கொடுத்தாள். கத்தரி வேகம் பிடித்து இரண்டு பேருக்குக் காதோரம் ஒட்ட வெட்டுப்பட்டதாகப் புகார். புதிய மாட்டு வைத்தியருக்குத் தப்பித்தவறி மெதுவான மெட்டு ஒன்றை முதலில் போட்டுவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, யார் இறந்தது என்று தணிந்த குரலில் கேட்டார். அதிலிருந்து அவளிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் துள்ளிப் போகிற ஜிக். அது பிடிபட்டதும் நேராக ஓடுகிற ரீல். மெதுவான மெட்டு கடைசியில், தேநீரோடு.

வரிசை சரிதான். கேட்கத்தான் ஆளில்லை.

"ஒரே பாட்டுதான் அது, டெலியா" என்றான் மாலக்கி அடுத்த வியாழன், கிழங்கை மசித்துக்கொண்டே. "உள்ள வரும்போது ஓடிச்சு. சாப்பிட்டு முடிச்சுட்டேன், இன்னும் அதே பாட்டுதான்."

"அது மூணு மெட்டு மாலக்கி. ஒண்ணோட ஒண்ணு கோத்து வாசிக்கிறாங்க. நடுவுல ரெண்டு தடவை மாறிடுச்சு. நீ முட்டைக்கோஸ் மென்னுக்கிட்டிருந்தே."

"எங்க மாறிச்சு?"

"அதோ, இப்ப."

"எது?"

"போச்சு. பேசினியா, போச்சு."

மேசை முழுக்கச் சிரித்தது. டெலியா கரண்டியோடு நின்றாள். இவர்களுக்கு ஒரு மைல் தூரத்தில் கத்துகிற கன்று யாருடையது என்று தெரியும். தன் மாடு எது, பக்கத்து வீட்டு மாடு எது என்று இருட்டில் காலடியை வைத்தே சொல்வார்கள். காதுகள் எல்லாம் நல்ல காதுகள்தான். வாய்தான் அவற்றை மூடிக்கொண்டிருந்தது.

அன்று மாவு பிசையும்போது அவளுக்கு யோசனை வந்தது. மறுவாரம் ஆப்பிள் உள்ளே வைத்துச் சுட்ட டார்ட்டை வழக்கம்போல் தட்டுகளில் வைக்காமல் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இனிமே இதுதான். பாட்டு ஓடும்போது பேச்சுக் கிடையாது. மெட்டு மாறும்போது முள்கரண்டியைத் தூக்கணும். சரியாத் தூக்கினவனுக்கு டார்ட்."

"தப்பாத் தூக்கினா?"

"பிஸ்கட்டு."

"இது பள்ளிக்கூடமா டெலியா?"

"பள்ளிக்கூடத்துல உனக்கு பிஸ்கட்டும் கிடைக்கலை மாலக்கி."

முதல் வாரம் எல்லாரும் கண்டபடி தூக்கினார்கள். எப்போதும் தூக்கிக்கொண்டே இருந்தால் ஒருமுறையாவது சரியாகிவிடும் என்று ஒருவன் முள்கரண்டியை இறக்கவே இல்லை. அவனிடமிருந்து டெலியா தட்டையே பிடுங்கிக்கொண்டாள். இரண்டாம் வாரம் ஒருவனைப் பார்த்து ஒருவன் தூக்கினான். மூன்றாம் வாரம் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னாள். அப்படியும் திருட்டுப் பார்வை ஓயவில்லை. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே அவர்களைத் திட்டினாள்.

நான்காம் வாரமோ என்னவோ, ஒரு விஷயம் நடந்தது. இரண்டாவது மெட்டு மூன்றாவதற்குள் தாவுகிற அந்த இடத்தில், புல்லாங்குழல் மூச்சு வாங்கி மேலே ஏறும்போது, ஏழெட்டு முள்கரண்டிகள் சேர்ந்து எழுந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூக்கியவர்களே கொஞ்சம் திகைத்துப்போனார்கள். மாலக்கியின் கரண்டியில் ஒரு துண்டு இறைச்சி ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா, மாறுது" என்றான் அவன், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி. "இவ்வளவு நாளா ஏன் யாரும் சொல்லலை?"

டெலியா டார்ட்டை வெட்டி அவன் முன்னால் வைத்தாள். பதில் சொல்லத் தொடங்கினால் வருடக்கணக்காகும்.

அந்த வாரம்தான் ஜன்னலோர மேசையில் இருந்த பேட் ஹீனி என்ற கிழவரின் பூட்ஸ் தானாக ஆட ஆரம்பித்தது. குதிகால், நுனி, குதிகால். மேசைக்கால் அதிர்ந்து கோப்பைகள் சலசலத்தன. பக்கத்தில் இருந்தவனின் காலும் சேர்ந்துகொண்டது.

"காலை அடக்கு பேட்" என்றாள் டெலியா.

"நான் ஆட்டலை. அதுவா ஆடுது."

"கோப்பை உருளுது. மன்றத்துல இப்படி டொக்கு டொக்குனு தட்டினா அவன் பெட்டியை மூடிட்டுப் போயிருவான்."

பேட் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து அமுக்கிக்கொண்டார்.

"கால்தானே டெலியா, விடுங்களேன்" என்றாள் ஜாசின்டா பாத்திரம் தேய்த்தபடி.

"உனக்குத் தெரியாது. அன்னிக்கு கீனன் கடையில நீ இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசை முடிந்ததும் டெலியா மன்றத்துக்குப் போனாள். தரையை மெழுகு போட்டுத் துடைத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்க ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கயிற்றைப் பிடித்து வரிசை வரிசையாக வைத்தாள். ஜாசின்டா ஒரு நாற்காலியை இடுப்பால் இடித்துவிட்டாள். டெலியா அந்த வரிசையை முதலிலிருந்து வைத்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய சமையலறையில் பன்றித் தொடைக்கறி சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டி ஈரத்துணி போட்டு மூடினாள்.

மதியம் மன்றம் நிறைந்தது. சந்தைக்காரர்கள், அவர்கள் மனைவிமார், ஃபாதர் லோர்கன், முடி வெட்டுகிறவள், மாட்டு வைத்தியர். டெலியா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள்: "பேசக் கூடாது. காலைத் தட்டக் கூடாது. கைதட்டறதெல்லாம் முழுசா முடிஞ்சப்புறம்." மாலக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டு வந்திருந்தான். மேல்பையிலிருந்து எதுவோ பளபளவென்று தெரிந்தது. பேனாவாக இருக்கும் என்று டெலியா விட்டுவிட்டாள்.

ஃபின்டன் மேடைக்கு வந்தான். தலை நரைத்திருந்தாலும் டெலியாவுக்கு அவன் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்திருந்தவன்தான். குனிந்து கொட்டுக்காரனிடம் ஏதோ சொன்னான். வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு சத்தமில்லை. யாரும் இருமவில்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. டெலியா பின்சுவரில் சாய்ந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருடமாக இந்த இசை ஓடும்போதெல்லாம் இறுகியிருந்த உதடு கொஞ்சம் தளர்ந்தது. ஜிக் ஓடியது. முதல் மெட்டு முடிந்து இரண்டாவதற்குள் நுழைந்தது. மன்றம் முழுக்க, ஒரே நேரத்தில், சந்தைக்காரர்களின் வலது கைகள் எழுந்தன. எழுந்து, ஒரு கணம் நின்று, சத்தமில்லாமல் இறங்கின. மாலக்கியின் கையில் முள்கரண்டி இருந்தது.

மேடையில் பிடில்காரி க்ரானியாவின் வில் ஒரு நரம்பைத் தவறவிட்டது. ஃபின்டன் குழலிலிருந்து கண்ணை உயர்த்திப் பார்த்தான். மறுபடி குனிந்தான். அடுத்த மெட்டு. மறுபடி கைகள். அவர்கள் வேகமாக வாசித்தார்கள், பிறகு மெதுவாக வாசித்தார்கள், பிறகு என்ன வேகம் என்றே தெரியாத ஒரு வேகத்தில் வாசித்தார்கள். ஒவ்வொரு தொகுப்பும் முடிந்ததும் கைதட்டல் வந்தது. ஒழுங்காக, சேர்ந்து தொடங்கி, சேர்ந்து நின்றது.

இடைவேளையில் டெலியா சமையலறையில் சாண்ட்விச் துணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தம்பி குழலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் கழட்டறே? இன்னும் பாதி இருக்கே."

"ஈரம் துடைக்கிறேன்" என்றான். "டெலியா, அவங்க எதுக்குக் கையைத் தூக்கறாங்க?"

"மெட்டு மாறினதைக் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

"ஒருத்தர் கையில முள்கரண்டி இருந்துச்சு."

"அது மாலக்கி. கொழுப்பு."

"முன் வரிசையில ஒரு பெரியவர் ஆடாம அசையாம இருக்கார்" என்றாள் க்ரானியா. "மூச்சு இருக்கான்னு பாத்துக்கிட்டே வாசிச்சேன்."

"அது பேட் ஹீனி. காலைப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

"எதுக்கு?"

டெலியா துணியை மடித்தாள். மடிப்பைச் சரி செய்தாள்.

"ஃபின்டன், அன்னிக்குப் பேசினாங்கன்னு கோவிச்சுக்கிட்டே. இன்னிக்கு ஒருத்தன் வாயைத் திறக்கலை. அதுக்கும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கே. பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம். உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

"கோவம் இல்ல" என்றான் அவன். "பயமா இருக்கு. டோக்கியோவுல கூட யாராவது காலைத் தட்டுவாங்க. 'ஹப்'னு ஒரு கூவல் வரும். அது வந்தாத்தான் நாங்க எங்க இருக்கோம்னு தெரியும். இங்க கீழ இருந்து ஒண்ணுமே வரலை. கிணத்துல கல்லு போட்டு, தண்ணிச் சத்தம் கேக்காத மாதிரி இருக்கு. நம்ம ஊருக்குப் பிடிக்கலை டெலியா. மரியாதைக்கு உக்காந்திருக்காங்க. இன்னும் ரெண்டு வாசிச்சு முடிச்சுக்கறோம். உன்மேல தப்பில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது.

"நீதானே காது குடுத்துக் கேக்கணும்னு சொன்னே."

"சொன்னேன். காதுதான் கேட்டேன். காலைக் கட்டிப்போடச் சொல்லலை."

டெலியா சாண்ட்விச் தட்டைக் கையில் எடுத்தாள். ஜன்னலோர மேசையும், சலசலத்த கோப்பைகளும், ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து அமுக்கிக்கொண்ட பேட்டும் எல்லாம் அவள் நினைவுக்கு வந்தன. சாண்ட்விச் தட்டை மேசையில் வைத்துவிட்டு நேராக மேடை வழியாக வெளியே வந்தாள். மன்றம் அடங்கியது. அவள் வாசலில் சொன்னதை மறக்காமல் இடைவேளையிலும் கிசுகிசுத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே சத்தம் போடலாம்" என்றாள் டெலியா.

யாரும் அசையவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். கால் தட்டலாம். கத்தணும்னா கத்துங்க."

நடு வரிசையில் ஒரு கை எழுந்தது. மாலக்கி.

"எப்பக் கத்தணும்? ரெண்டாவது மெட்டு மாறும்போதா, மூணாவதா?"

"எப்ப வேணும்னாலும்."

"அப்ப டார்ட்டு எப்படிக் குடுப்பே?"

"இது பரீட்சை இல்ல மாலக்கி."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னே, பிஸ்கட்டு குடுத்தே."

பின் வரிசையில் ஒருவர் தலையாட்டினார். அவருக்கும் பிஸ்கட் கிடைத்திருந்தது. டெலியாவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. வாரக்கணக்கில் தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக் கொடுத்தபோது ஒன்றும் ஏறவில்லை. இப்போது அழிக்கச் சொன்னால் அழிய மாட்டேன் என்கிறது. மேடையிலிருந்து இறங்கினாள். முதல் வரிசையின் ஓரத்து நாற்காலியைப் பிடித்தாள். அதில் ஃபாதர் லோர்கன் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க ஃபாதர்."

"நான் ஒண்ணும் பேசலையே டெலியா."

"தெரியும். எழுந்திருங்க."

அவர் எழுந்தார். டெலியா நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். அடுத்தது மாட்டு வைத்தியர். அடுத்தது பேட். கயிறு பிடித்து வைத்த வரிசைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தாள். அந்த ஓசைதான் அன்று மன்றத்தில் கேட்ட முதல் உருப்படியான சத்தம். ஜாசின்டா ஓடிவந்து மறுமுனையிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு சந்தைக்காரர்களும் எழுந்து, மாட்டை ஓட்டுகிற மாதிரி நாற்காலிகளை ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். உட்கார இடமில்லாதபோது கிசுகிசுப்பு தானாகவே பேச்சாயிற்று.

சமையலறை வாசலில் நின்று ஃபின்டன் பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் தரை. மெழுகு பளபளத்தது. அவன் மற்ற மூன்று பேரையும் பார்த்தான். மேடைக்குப் போய் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ரீலை எடுத்தான்.

முதலில் பேட் ஹீனியின் பூட்ஸ். குதிகால், நுனி, குதிகால். மரத்தரையில் அது கொட்டுக்குக் கொட்டாக விழுந்தது. பிறகு இன்னொரு கால். கொட்டுக்காரன் தலையைத் தூக்கினான். ரீலுக்கு நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவதுதான் முறை. எட்டுப் பேருக்கு அடவுகள் தெரிய வேண்டும். டெலியா கண்ணால் எண்ணிப் பார்த்தாள். தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு மூட்டுவலி.

அப்போதுதான் மாலக்கி முள்கரண்டியைக் கோட்டுப் பைக்குள் செருகிவிட்டு ஜாசின்டாவின் கையைப் பிடித்தான்.

அவன் என்ன செய்யப்போகிறான் என்று டெலியாவுக்கு ஒரு கணம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. பிடித்தான், விட்டான், சுழற்றினான். அவள் தம்பியின் ரீலுக்கு, அவர்கள் ஊர் ரீலுக்கு, லாரிக்காரன் பாட்டுக்கு ஆடுகிற ஜைவ். பின்னாலேயே இன்னும் நான்கைந்து ஜோடிகள். சனிக்கிழமைக் கூட்டம் அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது. ஒருத்தன் "ஹப்" என்று கத்தினான். டெலியா கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"மாலக்கி. நிறுத்து. இது ரீல். இதுக்குப் போய்..."

"என்ன?"

"ஜைவ் ஆடக் கூடாது இதுக்கு."

"கால் அதுவா ஆடுது டெலியா."

அவள் மேலும் சொல்வதற்குள் மேடையில் ஏதோ உடைந்தது. புல்லாங்குழல் ஒரு சுரத்தில் தடுக்கி, வெறும் காற்றாகி, நின்றது. டெலியா திரும்பினாள். ஃபின்டன் சிரித்துக்கொண்டிருந்தான். வாயில் குழலை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது. அதனால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்க, மாலக்கியின் புதிய இடுப்பு சுழல்வதைப் பார்த்துச் சிரித்தான். பிடில் நிற்காமல் ஓடியது. இரண்டு சுற்றுக் கழித்து அவன் மூச்சைப் பிடித்து மறுபடி உள்ளே வந்தபோது, குழல் டெலியா எந்த இசைத்தட்டிலும் கேட்டிராத மாதிரி ஏறியது.

அவள் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். மெட்டு மாறியது. ஜாசின்டாவைச் சுழற்றிவிட்ட வேகத்தில், இன்னொரு கையை மாலக்கி உயரத் தூக்கினான். துல்லியமாக அந்த இடத்தில். சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்த எல்லாரும் தூக்கினார்கள், கூடவே ஒரு கத்தல்.

வாசித்துக்கொண்டே போனார்கள். ஃபின்டன் இரண்டு என்று சொன்னது எத்தனையோ ஆயிற்று. ஒரு இடைவெளியில், திறந்திருந்த கதவு வழியாக வெளியிலிருந்து ஒரு கதறல் கேட்டது. பிறகு இன்னொன்று. மன்றத்துக்கு அடுத்த வயலில், மாலக்கியின் மாடுகள் மடி கனத்து கேட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தன.

"அது உங்க மாடுங்களா?" என்றான் ஃபின்டன் மேடையிலிருந்து.

"ஆமா. நீ வாசி" என்றான் மாலக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுங்களுக்கு மெட்டு மாறுறது தெரியாது. யாரும் டார்ட்டு குடுத்துச் சொல்லிக்குடுக்கலை."

எல்லாம் முடிந்து வேனில் பெட்டிகளை ஏற்றும்போது டெலியா மிச்சமிருந்த சாண்ட்விச்சுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். ஃபின்டன் வாங்கிக்கொண்டான். கீழே பார்த்தபடியே சொன்னான்:

"அடுத்த தடவை நாற்காலி போடாதே டெலியா."

"அப்ப வயசானவங்க எங்க உக்காருவாங்க? உனக்கு எதைச் செஞ்சாலும் ஒரு குறை."

"சரி, சுவரோரம் ரெண்டு போடு."

"ரெண்டு போதாது" என்றாள் டெலியா கண்டிப்பாக. வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், சாணி பூட்ஸுகள் தேய்த்த தரையைப் பார்த்து, ஊரில் ஒருத்தனையும் விடாமல் பெயர் சொல்லித் திட்டினாள்.

வியாழக்கிழமை மாலக்கி சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்து அவள் உதட்டைப் பார்த்தான். இறுகியிருந்தது.

"இன்னிக்கு என்ன தப்புப் பண்ணினேன்?"

டெலியா அவன் முன்னால் தட்டை வைத்தாள். கொழுப்பில்லாத துண்டு. பக்கத்தில் டார்ட், இரண்டு துண்டு.

"அது ரீல் மாலக்கி" என்றாள். "ஜைவ் இல்ல. ரீல் அடவை இன்னிக்கு ஆரம்பிக்கிறோம். எழுந்திரு."